தொப்புள்கொடியிலும் தரகா?

பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பெயர் சூட்டவில்லை. ஆணோ பெண்ணோ, அதுவும் தெரியாது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் பெயரால் வங்கியிலே கணக்குத் திறந்தாகிவிட்டது! பணம் போட்டு வைக்கும் வங்கியென்று எண்ணிவிடாதீர்கள். இது இரத்தம் போட்டு வைக்கும் வங்கி. தாயையும் சேயையும் பிணைத்திருந்த தொப்புள்கொடியிலே, பிரசவம் முடிந்தபின் தங்கிநிற்கும் இரத்தத்தை வடித்தெடுத்து, உறையவைத்து, ஆண்டுக்கணக்கில் காத்துத் தருகிறோம் என்று கூறிக் கட்டணம் வாங்கும் வங்கி.

கட்டணம் கொஞ்சநஞ்சமல்ல. அரை இலட்சம், முக்கால் இலட்சம், அதற்கு மேலும் உண்டு. ரொக்கமாகக் கொடுக்க இயலவில்லையா? கவலை வேண்டாம், மாதத் தவணை இருக்கிறது! ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கப் போன இடத்திலே கையில் ஒரு வண்ணத் துண்டறிக்கை. ஏழாம் மாதத்தில் தொலைபேசி. வளைகாப்புக்கு அடுத்த நாள் வீட்டு வாசலில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர். அவர் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். "இது வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு, சார். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது என்றால் நீங்கள் உங்களையே மன்னிக்க மாட்டீர்கள்."

நிறைமாதக் கர்ப்பிணியின் முன்னால் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது? அச்சத்தை விதைக்கிறார்கள், பணத்தை அறுவடை செய்கிறார்கள். மனைவியின் முகத்தைப் பார்க்கிறான் கணவன். கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்க்கிறாள் மாமியார். கையெழுத்து விழுந்துவிடுகிறது.

இதைச் சொல்வதால் நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தொப்புள்கொடி இரத்தம் உயிர் காத்திருக்கிறது; காத்துக்கொண்டும் இருக்கிறது. அந்த வரலாறு நம் வீட்டுப் பெண்களெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி மருத்துவமனை. அமெரிக்காவிலிருந்து ஒரு சிறுவனை அங்கே அழைத்து வந்திருக்கிறார்கள். ஃபான்கோனி சோகை என்னும் பரம்பரை நோய் அவனுக்கு. எலும்பு மஜ்ஜை இரத்தம் ஊற வைப்பதை மெல்ல மெல்ல நிறுத்திவிடும் கொடிய நோய் அது. அவன் தாய் மறுபடியும் கருவுற்றிருந்தாள். வயிற்றில் வளரும் பெண் குழந்தைக்கு அந்த நோய் இல்லை, அதன் திசு அண்ணனுடைய திசுவோடு பொருந்துகிறது என்று பரிசோதனையிலே தெரிந்தது. தங்கை பிறந்தாள். பிறந்ததும் அவளுடைய தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இரத்தத்தை இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹால் பிராக்ஸ்மேயர் என்னும் விஞ்ஞானி உறையவைத்துக் காத்தார். அந்தக் குப்பி கடல் தாண்டிப் பாரிசுக்குப் போயிற்று. எலியான் குளுக்மான் என்னும் அம்மையார் அதைச் சிறுவனின் உடலிலே செலுத்தினார். குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டிய பொருள் ஒரு பிள்ளையின் எலும்புக்குள் குடியேறிப் புது இரத்தம் ஊறச் செய்தது. சிறுவன் பிழைத்தான், வளர்ந்து ஆளானான். உலகத்தின் முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றுச் சிகிச்சை அதுதான்.

என்ன இருக்கிறது அந்த இரத்தத்திலே? சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய எல்லாவற்றுக்கும் தாயாக நிற்கும் அணுக்கள் இருக்கின்றன. குருத்தணு என்றும் ஸ்டெம் செல் என்றும் சொல்கிறோமே, அவைதாம். வளர்ந்தவர்களிடம் இவை எலும்பு மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கும். பிறக்கும் குழந்தையிடமோ கொடி இரத்தத்திலேயே நிறைய ஓடும். இரத்தப் புற்றுநோய் கண்டவருக்கு மருந்தாலோ கதிர்வீச்சாலோ கெட்டுப்போன மஜ்ஜையைத் துடைத்தெறிந்துவிட்டு, புதிய குருத்தணுவை நட வேண்டியிருக்கிறது. அந்த நாற்று இங்கே கிடைக்கிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. பெரியவர்களுடைய மஜ்ஜை என்றால் திசுப் பொருத்தம் ஏறக்குறைய முழுமையாக இருக்க வேண்டும். குழந்தையின் அணுக்களோ இன்னும் பகைமை கற்காதவை. ஆறுக்கு நான்கு பொருந்தினாலும் ஏற்றுக்கொள்ளும். குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒரு கொடியிலே கிடைப்பது பெரும்பாலும் 50 முதல் 150 மில்லிலிட்டர் இரத்தம்தான். சிறு பிள்ளைக்குப் போதும், கட்டுடல் கொண்ட ஆளுக்குப் போதாது. ஆகவே இரண்டு குழந்தைகளின் இரத்தத்தைச் சேர்த்துக் கொடுக்கும் முறையையும் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் அணுக்களைப் பெருக்கித் தரும் ஒரு மருந்துக்கு 2023இல் அமெரிக்க அரசு அனுமதியும் கொடுத்திருக்கிறது.

உலகமெங்கும் இதுவரை 40,000க்கு மேற்பட்ட சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அந்த 40,000 பேரில் பெரும்பாலோர் உடலிலே ஓடியது யாருடைய கொடி இரத்தம்? அவரவர் தாய்வயிற்றில் வந்த கொடியா? இல்லை! வேறொரு குழந்தையின் கொடி. முகம் தெரியாத ஏதோ ஒரு தாய், ஒரு காசு வாங்காமல், பொது வங்கிக்குக் கொடுத்துவிட்டுப் போன கொடி.

இந்த ஓர் உண்மையை அந்தக் கழுத்துப்பட்டைத் தம்பி சொல்வதில்லை. துண்டறிக்கையிலே "80க்கும் மேற்பட்ட நோய்களுக்கு மருந்து" என்று கொட்டை எழுத்திலே போடுகிறார்கள். பொய்யென்று சொல்ல முடியாது. மெய்யும் அல்ல! அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலசீமியா இருக்கிறது. அது பிறவியிலேயே மரபணுவில் வரும் பழுது. பிள்ளைக்குத் தலசீமியா என்றால் பிள்ளையின் கொடி இரத்தத்திலும் அதே பழுதுதானே இருக்கும்? ஓட்டைக் குடத்தை ஓட்டைக் குடத்தால் மாற்றுவார்களா? அந்தப் பழுதையே திருத்தியமைக்கும் மரபணுச் சிகிச்சை வேறு துறை. அதற்கும் இந்த வங்கிக்கும் சம்பந்தமில்லை. அடுத்தது இரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றின் முதற்பொறி பல வேளைகளில் கருவறையிலேயே விழுந்துவிடுகிறது என்று, பிறந்தபோது எடுத்து வைத்த இரத்தத் துளிகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் சேமித்து வைத்த இரத்தத்திலும் அந்தப் பொறி இருக்கக்கூடும். எந்த டாக்டர் துணிந்து அதைச் செலுத்துவார்? பட்டியலில் எஞ்சியிருப்பவற்றிலும் பெரும்பாலானவை இதே கதைதான். நோய் 80; தன் கொடி தனக்கு உதவும் நோயோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஒரு குழந்தை தன் கொடி இரத்தத்தைத் தானே என்றேனும் பயன்படுத்தும் வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007ஆம் ஆண்டிலே கணக்குகளைத் தொகுத்துச் சொன்னது: ஆயிரத்தில் ஒன்று என்பவர் உண்டு, 2,00,000க்கு ஒன்றுகூட இல்லை என்பவரும் உண்டு. இப்படிப்பட்ட நிலையில் இதற்கு "உயிர்க் காப்பீடு" என்று பெயர் வைக்கிறார்கள்! வீடு எரிந்தால் பணம் தராத காப்பீட்டை யாராவது வாங்குவார்களா?

நம் நாட்டிலேயே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் நெறிமுறையிலே, குழந்தை தனக்கே பிற்காலத்தில் பயன்படுத்துவதற்காகக் கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு இன்றைய நிலையில் விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டது. மறுஆண்டு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் அதே கருத்தைச் சொல்லி, தனியார் வங்கியைவிடப் பொது வங்கியையே வளர்க்க வேண்டும் என்றது. சொன்னவர்கள் தெருமுனையில் நிற்கும் யாரோ அல்ல. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள். ஆனால் அந்த ஏடுகள் அலமாரியிலே தூங்குகின்றன. துண்டறிக்கையோ கர்ப்பிணியின் கைப்பைக்குள் இருக்கிறது.

"இன்றைக்கு இல்லாவிட்டால் என்ன, நாளைக்குப் பயன்படும்" என்று ஒரு வாதம் வரும். மூளைமுடக்கம், ஆட்டிசம் என்றெல்லாம் பேசுவார்கள். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களின் மனவேதனை எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆதலால்தான் இந்த வாதத்தைக் கேட்கும்போது கோபம் வருகிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் நேர்மையாக ஆராய்ந்து பார்த்தார்கள். 2017இல் வெளியிட்ட மூளைமுடக்க ஆய்வில், அதிக அளவு அணுக்கள் பெற்ற பிள்ளைகளிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உறுதியான வேறுபாடு நிற்கவில்லை. 2020இல் வெளியிட்ட ஆட்டிசம் ஆய்விலோ, முதன்மையாக எதை அளந்தார்களோ அதிலே பலன் காணவில்லை. ஆராய்ச்சி தொடரட்டும், வெல்லட்டும், வரவேற்போம். ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் முடியாத கணக்கை, கடைத்தெருவிலே முடிந்துபோன கணக்காக விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் மருத்துவச்சிகளுக்கும் பழக்கமான காட்சி அது. குழந்தை வெளியே வந்தபின்னும் கொடி துடித்துக்கொண்டிருக்கும். அந்த வேளையில், குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் பொதுவாக ஓடும் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியின் பக்கமே இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் அதில் 80, 100 மில்லிலிட்டர் குழந்தைக்குள்ளே போய்ச் சேரும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் சுமார்தான் இரத்தம் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த 100 மில்லிலிட்டரின் பெருமை புரியும். அந்த இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. அடுத்த பல மாதங்களுக்கு அதுதான் பிள்ளையின் கையிருப்பு. எனவேதான் உலகச் சுகாதார நிறுவனம், ஒரு நிமிடத்துக்கு முன் கொடியைக் கவ்வி வெட்டாதீர்கள், மூன்று நிமிடம் வரை பொறுங்கள் என்கிறது.

வங்கிக்காரருக்கு வேண்டியது என்ன? பை நிறைய இரத்தம். பிள்ளைக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவு பை குறையும். பைக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவு பிள்ளைக்குக் குறையும்! இரண்டு பக்கமும் நிறைய வேண்டுமென்றால் எங்கிருந்து வரும்? வங்கிக்காக வெட்டும் நேரத்தை மாற்றக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்தால் போதுமா? பிரசவ அறைக்குள் கடிகாரத்தைப் பார்ப்பவர் யார்? 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்நாட்டிலே ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகையோடு இருக்கிறார்கள். சுகாதாரத்தில் முன்னணி என்று நாம் மார்தட்டும் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இரத்தசோகை நாட்டிலே, பிள்ளைக்கு அதன் சொந்த இரத்தத்தைத் தராமல் உறைபெட்டிக்கு அனுப்புவதா? அதற்குக் கட்டணமும் நாமே கட்டுவதா?

இங்கே இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் ஒரு சொல். பழைய பழக்கம் ஒன்று உண்டு. விழுந்த தொப்புள்கொடியைக் காயவைத்து, வெள்ளித் தாயத்திலே அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவார்கள். அன்பினாலே செய்த காரியம், ஞாபகப் பொருள். அதை நாம் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் இப்போது கைப்பேசிக்குக் கைப்பேசி ஒரு கதை பறக்கிறது: "நம் முன்னோர் அன்றைக்கே ஸ்டெம் செல் வங்கி வைத்திருந்தார்கள், அந்தத் தாயத்துக்குள் இருப்பதை இழைத்துக் கொடுத்தால் தீராத நோயும் தீரும்!" தீருமா? குருத்தணு உயிரோடிருந்தால்தான் மருந்து. அதை உயிரோடு வைக்க உறைகாப்புத் திரவம் சேர்த்து, படிப்படியாகக் குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரிலே திரவ நைட்ரஜனுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. அரைஞாண் கயிற்றிலே, வியர்வையிலும் வெயிலிலும் காய்ந்து சருகானதில் எந்த அணு உயிரோடிருக்கும்? வேடிக்கை என்னவென்றால், இந்தத் தாயத்துக் கதையைத் தனியார் வங்கிகளின் தரகர்களும் எடுத்துப் பேசுகிறார்கள். பழமையைச் சொல்லிப் பாட்டியின் மனத்தைக் கரைக்கிறார்கள். புதுமையைச் சொல்லிப் பேரனின் பையைக் கரைக்கிறார்கள்!

சரி, காசு கொடுத்தாகிவிட்டது. காசு கொடுத்த பொருளாவது பத்திரமாக இருக்கிறதா? சிங்கப்பூரைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்ற ஊர். நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர். அங்கே ஒரு தனியார் கொடி இரத்த வங்கியிலே, 22 தொட்டிகளில் 7 தொட்டிகளின் குளிர் உரிய அளவில் நிற்கவில்லை என்று 2023 நவம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ஒரு தொட்டியிலே மட்டும் ஏறத்தாழ 2,200 குழந்தைகளின் சேமிப்பு கெட்டுப்போயிற்று. பெற்றோர் எத்தனை ஆண்டாகக் கட்டணம் கட்டி வந்தார்கள்! தொட்டியைத் திறந்து பார்க்க அவர்களால் முடியுமா? சிங்கப்பூர் அரசு விழித்துக்கொண்டு சொன்னதால் தெரிந்தது. மறுஆண்டு அமெரிக்காவிலே நியூயார்க் டைம்ஸ் ஏடு துருவிப் பார்த்தபோது, தனியார் வங்கிகளிலே சேமித்த இரத்தம் பலவற்றில் அணுக்கள் போதாமையும் கிருமி கலந்திருப்பதும் வெளிவந்தன. இங்கே, இந்தியாவிலே? 2011 இறுதியிலே மருந்துச் சட்ட விதிகளைத் திருத்தி, கொடி இரத்த வங்கிகளுக்கு உரிமம் வேண்டும் என்று ஆக்கினார்கள். நல்ல காரியம். உரிமம் கொடுத்ததோடு ஆட்சியின் கடமை முடிந்துவிட்டதா? எத்தனை பைகள் உள்ளே போயின, எத்தனை பைகள் சிகிச்சைக்காக வெளியே வந்தன, தொட்டிகளின் குளிர்க் கணக்கு என்ன? ஆண்டுதோறும் இவற்றை ஊரறிய வெளியிடச் சொல்லுங்கள். முதல் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டாலே போதும். துண்டறிக்கையின் சாயம் வெளுத்துவிடும்.

அப்படியானால் கொடி இரத்தத்தைச் சேமிக்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு வேண்டும்!

தலசீமியா கண்ட ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, மாதாமாதம் இரத்தம் ஏற்றுவதற்கு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் தாயைப் பாருங்கள். இந்நாட்டிலே ஆண்டுதோறும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் அந்நோயோடு பிறக்கிறார்கள் என்பது கணக்கு. அந்தத் தாய் இரண்டாம் முறை கருவுற்றிருக்கிறாள். பிறக்கும் பிள்ளையின் திசு மூத்த பிள்ளையோடு முழுதும் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அவளுக்குக் கொடி இரத்தம் பொன்னினும் மேலானது. ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையும் இத்தகைய குடும்பங்களுக்குச் சேமிப்பு தக்கதென்றே சொல்கிறது. ஆனால் அந்தத் தாயின் கையிலே முக்கால் இலட்சம் ஏது? பிள்ளைக்கு நோயில்லாத வீட்டிலே இரத்தம் உறைந்து கிடக்கிறது; நோயுள்ள வீட்டிலே இரத்தம் தொட்டியிலே கொட்டப்படுகிறது. பணம் இருக்கும் இடத்துக்கு மருந்து போவதும், நோய் இருக்கும் இடத்துக்கு மருந்து போகாததும் இயற்கையின் குற்றமல்லவே!

பிற நாடுகள் என்ன செய்தன? நியூயார்க் இரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் என்பவர் 1992இல் பொது வங்கியைத் தொடங்கினார். மறுஆண்டே, உறவில்லாத ஒருவரின் கொடி இரத்தத்தைச் செலுத்தும் சிகிச்சை நடந்தது. பிரிட்டனிலே 1996இல் அரசாங்க மருத்துவத் துறையே வங்கி அமைத்தது. அமெரிக்க அரசு 2005இல் சட்டமே செய்து பொதுச் சேமிப்புக்குப் பணம் ஒதுக்கியது. பிரான்சிலும் இத்தாலியிலும், தன் பிள்ளைக்கே என்று சேமிக்கும் தனியார் வங்கிக்கு நாட்டிற்குள் இடமில்லை. முதலாளித்துவ நாடுகள்தாம் இவை! இரத்தத்தைக் கடைச்சரக்காக்கலாகாது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

நம் சென்னையிலேயே ஜீவன் என்னும் தொண்டு நிறுவனம் பொது வங்கி நடத்த முன்வந்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் பொது வங்கி என்பது நன்கொடை உண்டியலால் ஓடக்கூடிய வண்டியல்ல. இந்த இடத்திலே கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வடித்தெடுக்கும் இரத்தத்தில் பெரும்பகுதியை, அணு போதவில்லை என்று தள்ளிவிட வேண்டியிருக்கும். எஞ்சியதைப் பரிசோதித்து, திசு வகை பிரித்து, ஆண்டுக்கணக்கில் குளிரிலே காக்கச் செலவு நிறைய. மேலும், தாய், தகப்பன், உடன்பிறந்தார் ஆகியோரின் பாதிப் பொருத்தமுள்ள மஜ்ஜையையே கொண்டு சிகிச்சை செய்யும் முறை இப்போது வெற்றிகரமாக வளர்ந்துவிட்டது. அதனாலே கொடி இரத்தச் சிகிச்சையின் எண்ணிக்கை பல நாடுகளில் குறைந்தும் வருகிறது. ஆகவே மாவட்டத்துக்கு ஒரு வங்கி கட்டு என்று நாம் முழங்கப் போவதில்லை. அளவறிந்து ஒன்று கட்டு என்கிறோம்.

அளவறிந்து என்றாலும், கட்டத்தான் வேண்டும். ஏன்? திசுப் பொருத்தம் என்பது இனக்குழுவைப் பொறுத்தது. ஐரோப்பியத் தாய்மார் கொடுத்த கொடிகளால் நிறைந்த வங்கியிலே நம் தென்னாட்டுப் பிள்ளைக்குப் பொருந்துவது கிடைப்பது அரிது. உள்ளூரிலோ அகமணம் பெருகி, சாதிக்குச் சாதி மரபணு வேறுபாடு பெருகிக் கிடக்கிறது. சாதிச் சுவர் இரத்தத்திற்குள்ளும் எழும்பியிருக்கிறது! எல்லாச் சமூகத்துத் தாய்மார்களும் கொடுத்தால்தான் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். கடல் கடந்து வாழும் தமிழரைத் தொப்புள்கொடி உறவு என்று மேடையிலே சொல்கிறோம். அந்தச் சொல்லை மெய்யாக்க ஒரு வழி இருக்கிறது. இராமநாதபுரத்துக் கொடியொன்று கோலாலம்பூரிலே ஒரு பிள்ளையைப் பிழைக்க வைக்கட்டும்.

தனியார் வங்கிகளும் 2017 முதல் "சமூக வங்கி" என்று புதுப் பெயர் சூட்டியிருக்கின்றன. பணம் கட்டிய உறுப்பினர் எல்லாருடைய கொடியையும் ஒரே தொகுதியாக்கி, உறுப்பினர் எவருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்ளலாமாம். தன் கொடி தனக்கே என்ற பழைய பேச்சைவிட இது மேல்; தன் கொடி தனக்குப் பயன்படாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிறது. ஆனால் சந்தா கட்டாத பிள்ளைக்குக் கதவு திறக்குமா? சமூகம் என்ற சொல்லுக்கு வாசலிலே ரசீது கேட்கும் வழக்கம் எந்த ஊரில் உண்டு?

தமிழ்நாட்டிலே பிரசவங்கள் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியிலே நடக்கின்றன. அவற்றிலும் பெரும்பான்மை அரசாங்க ஆஸ்பத்திரியிலே. 2008இல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்று முறைப்படி வழங்கும் திட்டத்தை நாட்டுக்கே வழிகாட்டியாகத் தொடங்கிய மாநிலம் இது. உறுப்பை விலைபேசக் கூடாது, வரிசைப்படி வழங்க வேண்டும் என்ற ஒழுங்கை நடத்திக் காட்டிய அரசு இயந்திரத்துக்கு, 100 மில்லிலிட்டர் இரத்தம் பெரிய காரியமா?

ஆட்சியாளர் செய்ய வேண்டுவன பெரிய நிதி கேட்கும் காரியங்கள் அல்ல. முதலாவது, தலசீமியா போன்ற நோயுள்ள பிள்ளையைக் கொண்ட குடும்பத்தில் அடுத்த பிரசவம் நடக்கும்போது, கொடி இரத்தத்தை அரசுச் செலவிலே எடுத்துக் காத்துக் கொடுக்கட்டும். அத்தகைய குடும்பங்கள் யாரென்று தலசீமியா சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளுக்கு இன்றே தெரியும். புதிதாகத் தேட வேண்டியதில்லை. பெரிய மகப்பேறு ஆஸ்பத்திரிகள் இரண்டு மூன்றைத் தேர்ந்து, ஒரு நிமிடம் பொறுத்தபின்னும் போதிய இரத்தம் நிற்கும் கொடிகளை மட்டும் பொதுச் சேமிப்புக்கு எடுக்கலாம்.

அடுத்தது, தரகை ஒழிப்பது. நோயாளியை அனுப்பிவைத்ததற்காகக் கமிஷன் பெறுவதை 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. மகப்பேறு மருத்துவர்களில் மிகப் பலர் அந்தக் காசைத் தொடாதவர்கள். பெற்றோர் கேட்டால் "வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் கர்ப்பிணியின் பெயரும், தொலைபேசி எண்ணும், பிரசவ நாளும் எப்படி வங்கிக்காரர் கைக்குப் போகின்றன? கருவுற்றதைக் கணவன் வீட்டாருக்குச் சொல்வதற்குள் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்துவிடுகிறதே, அது எப்படி? 1997இல் இயற்றிய தனியார் மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் மாநில அரசின் கையிலே இருக்கிறது. அதன் கீழ் உரிமம் பெறும் ஒவ்வொரு பிரசவ ஆஸ்பத்திரியிலும், சேமிப்பு வங்கியின் ஆட்கள் உள்ளே வரக் கூடாது, நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது என்று ஓர் ஆணை போட எத்தனை நாள் ஆகும்?

அந்த ஆணையோடு இன்னும் ஒன்று. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாய்-சேய் நல அட்டையிலே, இரும்புச்சத்து மாத்திரைக்கும் தடுப்பூசிக்கும் இடம் இருக்கிறது. அதே அட்டையிலே நாலு வரி அச்சிடட்டும். கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் வெட்டச் சொல்லாதீர்கள் என்று முதல் வரி. குடும்பத்தில் தலசீமியா முதலான இரத்த நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சேமிப்பு உங்களுக்கு இலவசம் என்று இரண்டாவது. அப்படி நோய் இல்லாத வீட்டிலே, பிள்ளை தனக்கென்று சேமிப்பதால் பயன் உண்டென்று விஞ்ஞானம் இன்னும் சொல்லவில்லை என்று மூன்றாவது. நாலாவது வரியிலே, யாரேனும் வற்புறுத்தினால் புகார் செய்ய வேண்டிய எண்.